நாலு குறுக்கத்து மைதானம்

ஒரு தேசத்தின் தலைவிதி சட்டசபையிலோ போர்க்களத்திலோ நிர்ணயிக்கப்படுவதில்லை. உடற்கல்வி ஆசிரியரின் விசில் ஒலியில்தான் நிர்ணயிக்கப்படுகிறது. மேற்படி வாசகம் ஸ்ரீ மகாபல உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி நிலையத்தின் வாசல் சுவரில் ஆளுயர நீல எழுத்தில் இருந்தது. சொன்னவர் ஒரு கிரேக்க ஞானி. அவர் பெயரை எழுதுவதற்குள் சுவர் முடிந்துவிட்டது.

நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு விசில். பயிற்சி மாணவர்கள் முப்பத்திரண்டு பேர். காலையில் கட்டளைப் பயிற்சி தொடங்கினால் விசில் முதல் ஆளிலிருந்து வாய்க்கு வாய் மாறும். வாங்குகிறவர் சட்டையிலோ தாவணியிலோ ஒரு துடை துடைத்துக்கொள்வார். இருபதாவது ஆளைத் தாண்டும்போது அது ஊதுவதை விட்டுவிட்டுக் கொப்பளிக்க ஆரம்பிக்கும். கடைசி ஆளாக நின்ற பையன், தனக்குச் சளி என்று சொல்லி ஆறு மாதமாகத் தப்பித்து வந்தான்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற சாலையில் நொச்சிப்பட்டி விலக்கில் இறங்கினால் இடதுபக்கம் பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த ஒரு கிட்டங்கி. வெள்ளைத்துரையினுடையது. பஞ்சு வியாபாரம் படுத்த பிறகு கிட்டங்கியைக் கல்யாண மண்டபமாக்கலாமா, டூரிங் டாக்கீஸ் ஆக்கலாமா என்று அவர் ரெண்டு வருசம் யோசித்தார். வாத்தியார் வேலைக்கு அலைகிற கூட்டம் எந்தப் பருவத்திலும் குறையாது என்று யாரோ சொல்ல, எண்பத்தொன்றாம் வருசம் ஆடி மாதம் கிட்டங்கி பயிற்சி நிலையமாகிவிட்டது. சுவரோரம் பஞ்சுப் பிசிறு அப்படியே கிடந்தது. தண்டால் எடுத்து எழுந்திருக்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் வேர்வையில் ஒட்டி ஆளுக்கொரு வெள்ளைத் தாடி முளைத்திருக்கும்.

முதல்வர் ஹாலாஸ்யம். கல்வி அலுவலகத்தில் முப்பத்தொரு வருசம் கோப்பு பார்த்து ஓய்வுபெற்றவர். மதுரை டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மூச்சிரைப்பு உண்டு, விலக்கிலிருந்து கிட்டங்கிக்கு இருநூறு அடி நடப்பதற்குள் ரெண்டு இடத்தில் குடையை ஊன்றி நிற்பார். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்ததும் நோட்ஸ் சொல்வார்.

“எழுதிக்கோங்கோ. ஓட்டம் என்பது யாது? ஓட்டம் என்பது, இரு பாதங்களும் ஒருசேரத் தரையை விட்டு அகலும் கணங்களைக் கொண்ட முன்னேற்றமாகும். அடிக்கோடு போட்டுக்கோங்கோ.”

அடிக்கோடு போட்டவர்களில் தங்கப்பொண்ணும் ஒருத்தி. நொச்சிப்பட்டிப் பேயாண்டிக்கும் ஒச்சாயிக்கும் ஒரே மகள். உசிலம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நானூறு மீட்டரில் ஜில்லா அளவில் ரெண்டாவதாக வந்தவள். முதலாவதாக வந்தவளுக்குக் கான்வாஸ் ஷூ இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடங்களில் டிரில் டீச்சர் கிடைக்காமல் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன, சர்ட்டிபிகேட் மட்டும் வந்துவிட்டால் மறுமாசமே வேலை என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தார். சர்ட்டிபிகேட் வருவதற்குச் சித்திரை மாதம் அரசாங்கப் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சை எழுத நம்பர் வர வேண்டும். நம்பர் வர நிலையத்துக்கு அங்கீகாரம் வேண்டும்.

வாசல் போர்டில் ‘அரசு அங்கீகாரம்’ என்று பெரிதாக இருந்தது. ‘வேண்டி விண்ணப்பித்துள்ளது’ என்பது தரையோடு ஒட்டி, கோரை மறைக்கிற உயரத்தில் இருந்தது. சேரும்போது யார் குனிந்து பார்க்கிறார்கள்?

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் காலை, வெள்ளைத்துரை பேயாண்டி வீட்டு வாசலில் வந்து புல்லட்டை நிறுத்தினார். பேயாண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன பேயாண்டியண்ணே, சௌக்கியமா?”

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்: வெள்ளைத்துரை வாயில் ‘ஏ பேயாண்டி’ வந்தால் நல்லது. ‘அண்ணே’ வந்தால் எதையோ கேட்கப்போகிறார். பேயாண்டி வாளியைக் கீழே வைத்தான். ஒச்சாயி அடுப்பங்கரையிலிருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“கமிசன் வருதுண்ணே. மெட்ராஸ்லருந்து. பன்னண்டு நாள்ல. நம்ம எடத்தப் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தேன் பிள்ளைகளுக்குப் பரீட்ச நம்பரு.”

“நல்லாப் பாக்கட்டும்” என்றான் பேயாண்டி.

“கட்டடத்தப் பத்திக் கவலயில்ல. கிரவுண்டுதேன். நானூறு மீட்டரு ஓடுற மாதிரி மைதானம் சொந்தமா இருக்கணும்னு ரூல்ஸு, வர்ற அன்னிக்கு நம்மதுன்னு காட்டுனாப் போதும். நாலு குறுக்கம் வேணும், நாலு ஏக்கரா. கிட்டங்கிக்கு ஒட்டுனாப்புல, சதுரமா, மேடு பள்ளம் இல்லாம நாலு குறுக்கம்னு பாத்தா…”

பார்க்க வேண்டியதே இல்லை. கிட்டங்கிக்கு ஒட்டினாற்போல் இருந்தது பேயாண்டியின் செவக்காடு. மானாவாரிச் சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. அந்த வருசம் ஐப்பசி மழை அளவாகப் பெய்து, கதிர் வாங்கி, பால் பிடித்திருந்தது.

“சோளம் நிக்கிதேண்ணே” என்றாள் ஒச்சாயி.

“தெரியும் தங்கச்சி.”

“அறுக்க முப்பது நாளு கெடக்கு. கமிசன முப்பது நாளு கழிச்சு வரச்சொல்லுங்க. நானே கூட்டி மெழுகிக் கோலம் போட்டு வைக்கிறேன்.”

வெள்ளைத்துரை சிரித்தார். “கமிசன்னா நம்ம ஊரு டவுன் பஸ்ஸா, கையக் காட்டி நிறுத்துறதுக்கு?”

“டவுன் பஸ்ஸு மட்டும் நமக்கு நிக்கிதாக்கும்.”

“ஏய், சும்மா இரு புள்ள” என்றான் பேயாண்டி.

“நான் என்ன சொல்லிட்டேன்? ஏண்ணே, ரோட்டுக்கு அங்கிட்டு ஒங்க தோட்டம் பன்னண்டு குறுக்கம் கெடக்கே. அதுல ஒரு மூலையில ஓடச்சொன்னா ஆகாதா?”

“அதுல கரும்பு நிக்கிதும்மா.”

“எங்கதுல என்ன, கல்லா நிக்கிது?”

வெள்ளைத்துரை அவளை விட்டுவிட்டுப் பேயாண்டியின் தோளில் கை போட்டார். “அண்ணே, நான் என்ன எனக்காகவா கேக்குறேன்? முப்பத்திரெண்டு பிள்ளைக வாழ்க்க. அதுல ஒண்ணு ஒம்மக. நாளப்பின்ன ஒன் காட்டாலதேன் நம்பர் வரலைன்னு அந்தப் பிள்ளைக மண்ண வாரித் தூத்துனா நல்லாவா இருக்கும்? யோசிச்சுச் சொல்லு. மத்தியானத்துக்குள்ள சொன்னாப் போதும்.”

புல்லட் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலில் புகை நின்றது. பேயாண்டி புகையிலையைக் கிள்ளி வாயில் அதக்கிக்கொண்டான். அதக்கிக்கொண்டால் பேச வேண்டியதில்லை.

தங்கப்பொண்ணு கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வெள்ளைச் சீருடையை நீலம் போட்டு அலசிய கை ஈரமாக இருந்தது.

“ஆத்தா, நம்பர் வரலைன்னா ஒரு வருசம் போச்சு ஆத்தா.”

“கதிரு வரலைன்னா நமக்கு எத்தன வருசம் போகும்னு ஒங்க நோட்ஸுல போட்டிருக்கா?”

“வேல வந்துட்டா நான் சம்பாரிச்சுப் போடமாட்டேனா?”

“சம்பளம் வர்ற வரைக்கும் விசில ஊதிக் குடிக்கவா?”

“அய்யா, நீங்க சொல்லுங்க.”

பேயாண்டி எழுந்து போய் வேலியோரம் துப்பிவிட்டு வந்தான். “காலையிலருந்து பாக்குறேன், ரெண்டு பேரும் என்னையவே பாக்குறீக. நானா பால் பிடிக்கச் சொன்னேன்?”

அதுதான் அவனுடைய சம்மதம். அவன் எப்போதுமே நேராகச் சம்மதித்ததில்லை.

அந்த ஊரில் கதிர் அறுப்புக்கு ஒரு முறை உண்டு. வீட்டுப் பொம்பளை வரப்பில் சூடம் கொளுத்திக் கும்பிட்டு, முதல் கைப்பிடியை அறுத்துக் காட்டின் தலைமாட்டில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் அரிவாள் எடுப்பார்கள். மறுநாள் காலை பேயாண்டியின் அக்கா ராமக்காள் சூடமும் தீப்பெட்டியும் கொண்டுவந்து நீட்டினாள். ஒச்சாயி வாங்கவில்லை.

“எதச் சொல்லிக் கும்பிடச் சொல்றீக மதினி? வெளைஞ்சிருச்சு சாமின்னா? வெளையல சாமின்னா? பால வச்சிக்கிட்டு நிக்கிற கதிருல நான் அருவா போடமாட்டேன். யாரு வேணும்னாலும் போடுங்க.”

போட்டவர்கள் முப்பத்திரண்டு பேர். ஹாலாஸ்யம் வரப்பில் நாற்காலி போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்தார். பாதிப் பேருக்கு அரிவாள் பிடிக்கத் தெரியும். மீதிப் பேர் டவுன் பிள்ளைகள், கையைக் கிழித்துக்கொண்டார்கள். வேலை வேகமாக நடக்க அவர் தாளம் சொன்னார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. குனிஞ்சு… நிமிர்ந்து… சாயங்காலம் எல்லாரும் ரெக்கார்டு நோட்டிலே எழுதிடுங்கோ. ‘தாள லய உடற்பயிற்சி. வகை, குனிந்து நிமிர்தல். கருவி, அரிவாள்.’ படம் போடணும்.”

“சார், கருவியோட படமா, கதிரோட படமா?” என்று ஒரு பையன் கேட்டான்.

“ரெண்டும் போடு. மார்க் உண்டு.”

அரிவாள் பட்ட கதிர்களிலிருந்து வெள்ளையாகப் பால் தெறித்தது. சீருடையெல்லாம் பிசுபிசுத்து, அதன் மேல் ஈ மொய்த்தது. வெட்டிப் போட்ட தட்டையைத் தின்ன எந்த வீட்டு மாட்டுக்கும் வயிறு காணாது. வேலியோரம் மலையாகக் குவித்தார்கள். அன்றைக்கு மத்தியானமே தூறல் விழ, மூன்றாம் நாள் குவியல் சூடேறிப் புளித்த வாடை வீச ஆரம்பித்தது. அந்த வாடை பேயாண்டி வீட்டுச் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்தது. ஒச்சாயி மூக்கைப் பொத்தவில்லை. மற்றவர்களையும் பொத்தவிடவில்லை.

பிறகு கட்டை பிடுங்கி, பரம்படித்து, ரோடு போடுகிற கல் உருளை ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, மாட்டுக்குப் பதில் பத்துப் பத்துப் பேராகக் கட்டி இழுத்தார்கள். ஹாலாஸ்யம் அதற்கும் ஒரு தலைப்புக் கொடுத்தார்: ‘கூட்டு இழுவைப் பயிற்சி.’

ஓடுபாதைக்குக் கோடு போடத் தெரிந்தவள் தங்கப்பொண்ணு ஒருத்திதான். மற்றவர்கள் நோட்டில் பென்சிலால் போட்டவர்கள். முதல்வர் நோட்ஸில் சொல்ல மட்டும் தெரிந்தவர். ரெண்டு பக்கமும் நேர்கோடு. ரெண்டு முனையிலும் அரைவட்டம். அரைவட்டத்துக்கு ஆரம் முப்பத்தாறு மீட்டர். தண்ணீர் இறைக்கிற கமலை வடத்தால் அளக்கலாம் என்றான் பேயாண்டி. “வடம் நனைஞ்சா சுருங்கும், இழுத்தா நீளும்யா” என்று சொல்லிவிட்டு, அவள் பந்தல் கம்பியை முறுக்கெடுத்து நீட்டிக்கொண்டாள். நடு முளையில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் ஆணியைப் பிடித்து, செருப்பில்லாமல் வட்டம் சுற்றினாள். அவள் சுற்றச் சுற்ற மண்ணில் கோடு விழுந்துகொண்டே வந்தது. பின்னாலேயே பேயாண்டி தகரடப்பாவில் ஓட்டை போட்டுச் சுண்ணாம்புப் பொடியைத் தட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பன்னிரண்டு நாளில் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்த அரை மணி நேரம்தான்.

மேற்கு வளைவில் சிக்கல் வந்தது. வட்டம் பேயாண்டியின் வரப்பைத் தாண்டி ஒன்பது அடி அடுத்த காட்டுக்குள் போனது. அடுத்த காடு ராமக்காளுடையது. அவள் மகன் மொக்கையன், தங்கப்பொண்ணுக்கு முறை மாப்பிள்ளை, வரப்பில் கம்போடு நின்றான். அவன் பின்னால் அவன் சோளம் நின்றது.

“இதுக்கு மேல ஒரு அடி வந்த, ஆணியப் பிடுங்கி எறிஞ்சிருவேன்.”

“ஒம்பது அடிதேன் மச்சான்.”

“ஒங்கய்யா நாலு குறுக்கத்தக் குடுத்துட்டு நிக்கிறாரு. நான் ஒம்பது அடியக் குடுத்துட்டு நிக்கணுமா? ஏ புள்ள, தெரியாமத்தேன் கேக்குறேன், ஓடுறதுக்கு ஒரு படிப்பா? நாய் வெரட்டுனா நானும்தேன் ஓடுறேன்.”

“நாய் வெரட்டுனா எந்தத் தெசையில ஓடணும்னு தெரியாம ஓடுவ. அதுக்குத்தேன் படிப்பு.”

“நீ டீச்சராகி, நான் ஒன்னையக் கட்டி, தெனம் காலையில நேர் நில்லு, இயல்பாய் நில்லும்ப. நான் அடுப்புக்கிட்ட வெறைப்பா நிக்கணும்.”

“ஒன்னையக் கட்டுறதுன்னு ஆரு சொன்னது?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மொக்கையன் கம்பை மட்டும் இறக்கவில்லை.

ஹாலாஸ்யம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். “விடும்மா, அந்த எடத்தைக் கொஞ்சம் தட்டையாப் போட்டுடு. கமிஷன் என்ன, ஆகாசத்திலேர்ந்தா பார்க்கப்போறது?”

“தட்டையாப் போட்டா நானூறு வராது சார்.”

“ரெக்கார்டிலே நானூறுன்னு எழுதிக்கலாம்.”

அவள் முளைகளையெல்லாம் பிடுங்கினாள். மொத்தத் தடத்தையும் ஒன்பது அடி கிழக்கே நகர்த்தி முதலிலிருந்து போட்டாள். ஒரு பகல் முழுக்க ஆயிற்று. சுண்ணாம்பு பட்டுக் காலில் தோல் உரிந்தது. கிழக்கு வளைவு இப்போது பேயாண்டியின் எருக்குழியை ஒட்டி வந்தது. அதன் மேல் ரெண்டு வண்டி மணலைக் கொட்டி ‘நீளம் தாண்டும் குழி’ என்று பலகை வைத்துவிடும்படி முதல்வர் உத்தரவிட்டார். வைத்தார்கள். தாண்டிப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை.

கமிஷன் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது.

ஏழரைக்கே முப்பத்திரண்டு பேரும் வெள்ளைச் சீருடையில், கையில் சலங்கைத் தகடு கோத்த லெசியத்தோடு, தடத்தின் நடுவில் அணிவகுத்து நின்றார்கள். அணித் தலைவி தங்கப்பொண்ணு. விசில் அவள் கழுத்தில். பந்தலில் பூத்தட்டு, சந்தனம், ரெண்டு சோபா. பேயாண்டி வீட்டில் ஒச்சாயியும் ராமக்காளும் விடியலிலிருந்து அடுப்பில் இருந்தார்கள். கமிஷனுக்குக் கிடாக்கறி அந்த வீட்டில்தான் ஆக வேண்டும் என்று வெள்ளைத்துரை சொன்னதை ஒரு மரியாதையாகப் பேயாண்டி எடுத்துக்கொண்டிருந்தான். கிடாயும் அவனுடையதுதான்.

ஒன்பது, பத்து, பதினொன்று. தூறல் விழுந்தால் கோடு கரையுமே என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானம் தூறவில்லை. வெயில் அடித்தது. ஒரு மணிக்கு ஒரு டவுன் பிள்ளை மயங்கி விழுந்தாள். “நிழல்லே உக்காத்தி வெச்சு, மூஞ்சியிலே தண்ணி தெளிங்கோ. முதலுதவி யூனிட் மூணு. எல்லாரும் கவனிச்சுக்கோங்கோ” என்றார் முதல்வர். பசிக்கிறது என்று யாரோ சொன்னார்கள். விருந்தாளி சாப்பிடுமுன் இலை போடக் கூடாது என்று வெள்ளைத்துரை சொல்லிவிட்டார்.

நாலரை மணிக்கு வெள்ளை அம்பாசடர் வந்தது. மூன்று பேர். ரெண்டு பேர் பின்சீட்டில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மதுரையில் ஒரு விருந்தை முடித்துவிட்டு வந்த வாசனை காரோடு வந்தது. கமிஷன் தலைவர் முன்சீட்டிலிருந்து இறங்கினார். நல்ல உயரம், சட்டைப் பொத்தான்கள் தெறிக்கிற வயிறு. மாலையோடு ஓடிய வெள்ளைத்துரையையும் கோப்போடு ஓடிய முதல்வரையும் ஒரு கையால் விலக்கிவிட்டு, நேராக மைதானத்துக்குள் வேகமாக நடந்தார்.

வெள்ளைத்துரை சிலிர்த்துப் போனார். “பாத்தீகளா சார், கிரவுண்டுன்னா உசுரு மனுசனுக்கு! தண்ணி கூடக் குடிக்கல!”

தங்கப்பொண்ணு கழுத்து விசிலை நேராக்கிக்கொண்டாள். அவள் போட்ட கோட்டை ஒருவர் பார்க்க வருகிறார். “நேர் நில்!” என்றாள். எதிரே முப்பத்தொரு பேரும் நிமிர்ந்தார்கள்.

தலைவர் கோட்டைத் தாண்டினார். அடுத்த கோட்டையும் தாண்டினார். அங்கங்கே நின்று நாலா பக்கமும் தேடுவதுபோல் பார்த்தார். நாலு குறுக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி இல்லை. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வந்திருந்தால் ஆளுயரச் சோளம் அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கும். இப்போது மொட்டைக்காடு. மணல் கொட்டிய குழியோரம் போய் நின்றார். மதுரையிலிருந்து அடக்கிக்கொண்டு வந்த மனிதர். அதற்கு மேல் அவரால் யாரையும் பார்க்க முடியவில்லை. வேட்டியைத் தூக்கிக் குந்தினார்.

அணிவகுப்பு அவருக்கு நேர் எதிரே நின்றது.

பதினொரு பெண்கள். இருபத்தோரு ஆண்கள். யாரும் இதற்கு நோட்ஸ் எழுதவில்லை. பின்வரிசையில் ஒரு ‘க்ளுக்’ சத்தம் கேட்டது. தங்கப்பொண்ணு விசிலை எடுத்து ஊதினாள்.

“அணி… பின் திரும்பு!”

முப்பத்தொரு ஜோடிக் கால்களும் ஒரே அடியாகத் திரும்பின. ஆறு மாதப் பயிற்சியில் அவ்வளவு சுத்தமாக அவர்கள் திரும்பியதே இல்லை. அவளும் திரும்பி நின்றாள். பின்னால் நெடுநேரம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பந்தலில் நின்ற ஹாலாஸ்யம் கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளைத்துரை மட்டும் நிலைமையைச் சமாளித்தார். “கை கழுவ சோப்பு எடுத்து வாங்கடா.”

விருந்து பேயாண்டி வீட்டு முற்றத்தில். கமிஷனுக்கு ரெண்டாவது விருந்து என்பதால் முதலில் வேண்டாம் என்றார்கள். பிறகு வாசனை பிடித்துக் கொஞ்சம் என்றார்கள். பிறகு கொஞ்சம் என்ற சொல்லையும் விட்டுவிட்டார்கள். ஒச்சாயி பரிமாறினாள். தலைவர் நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சிக்கொண்டே முதல்வர் நீட்டிய தாள்களில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். வலது கை இலையில் இருந்தது.

தங்கப்பொண்ணு தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றாள். கடைசித் தாளும் முடிந்ததும் கேட்டாள்:

“சார், எங்களுக்குப் பரீட்ச நம்பர் எப்பச் சார் வரும்?”

“எந்தப் பரீட்சை?”

“வர்ற சித்திரையில சார். முப்பத்திரெண்டு பேரும் எழுதணும்.”

தலைவர் எலும்பை இலையில் வைத்தார். “இந்த வருஷமா? இது அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பம் ஆச்சேம்மா. ஏன் சார், இந்த வருஷம் யாரையும் சேர்க்கலைன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க? அப்ப வெளியே நின்னாங்களே, அவங்கல்லாம் யாரு?”

ஹாலாஸ்யத்துக்கு மூச்சு வாங்கியது. “அவா… மாதிரிக்கு சார். ஒரு மாதிரி வகுப்பு.”

“ஓகோ. மாதிரி நல்லாவே இருக்கு. திரும்பினாங்க பாருங்க, பிரமாதம்.” எலும்பை மறுபடி எடுத்துக்கொண்டார்.

முற்றத்தில் சப்பும் சத்தம் மட்டும் கேட்டது. பேயாண்டிக்கு முதலில் விளங்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கியது.

“வெள்ளத்துரை” என்றான். அண்ணன் தம்பி ஏதும் சேர்க்கவில்லை. “அப்ப இந்தப் பிள்ளைக?”

“என்னண்ணே பெரிய இது. எடம் நமக்கு உறுதியாயிருச்சு. வர்ற வருசம் புதுசாச் சேந்துக்கிட்டாப் போச்சு. ஒரு வருசம் என்ன சும்மாவா போச்சு? பிள்ளைகளுக்கு ஒடம்பு நல்லாயிருச்சுல்ல?”

“தெரிஞ்சேதேன் காட்ட அறுக்கச் சொன்னியா?”

“சாப்புடுற எடத்துல என்ன பேச்சு இது? சாருக்கு இன்னொரு கரண்டி வை தங்கச்சி.”

ஒச்சாயி கரண்டியைச் சட்டிக்குள் போட்டு மூடினாள்.

“கறி தீந்துபோச்சு.”

சட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. எல்லோருக்கும் தெரியும். வெள்ளைத்துரை எழப்போனார், அவள் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். காலையிலிருந்து நின்ற மற்ற முப்பத்தொரு பேரும் கோட்டின் மேலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் போட்டாள். விஷயத்தைத் தங்கப்பொண்ணு அவர்களிடம் சொன்னாள். நாலைந்து பேர் அழுதார்கள். ஒருவன் வெள்ளைத்துரையை வெட்டுவேன் என்றான். மற்றவர்கள் முதலில் சாப்பிட்டுவிடலாம் என்றார்கள். சாப்பிட்டதும் வெள்ளைத்துரையின் ஆள் வந்து பந்தலைப் பிரிக்கக் கை கொடுக்கச் சொன்னான். வெட்டுவேன் என்றவன்தான் முதலில் ஏணியில் ஏறினான்.

ஹாலாஸ்யம் ஆறு மணிப் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தங்கப்பொண்ணு பக்கத்தில் வந்து நின்றார். “நான் என்னம்மா பண்ணுவேன்? அவர் எழுதச் சொன்னார், எழுதினேன். கையெழுத்து மட்டுந்தான் என்னுது.”

“மாதிரின்னு சொன்னது யாரு சார் எழுதிக் குடுத்தது?”

அவர் குடையை ஊன்றிக்கொண்டு மெதுவாக விலக்கை நோக்கி நடந்தார்.

தை வந்தது. மொக்கையன் காட்டில் அறுவடை நடந்தது. ராமக்காள் சூடம் கொளுத்தினாள். அறுத்து முடித்த சாயங்காலம் அவன் ஒரு மூட்டைச் சோளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து பேயாண்டி வீட்டுக் கதவோரம் இறக்கினான். கேலி பேசுவான் என்று தங்கப்பொண்ணு காத்திருந்தாள். அவன் பேசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

“எதாச்சும் சொல்லேன் மச்சான்.”

“என்னத்தச் சொல்ல? கழுவிக் காயப்போட்டுக் குத்துங்க. கொஞ்சம் கல்லு கெடக்கும்.”

வைகாசியில் அங்கீகார உத்தரவு வந்தது. வெள்ளைத்துரை சரவெடி போட்டார். சுவருக்குப் புது வெள்ளை அடித்து, ஞானியின் வாசகத்தைச் சின்ன எழுத்தில் மறுபடி எழுதினார்கள். அப்போதும் பெயர் எழுதவில்லை, பெயிண்டருக்கு யாரும் சொல்லவில்லை.

“போகத்தேன் போறியா?” என்றாள் ஒச்சாயி.

“வேற எங்க ஆத்தா போறது? பொம்பளப் பிள்ளைகளுக்கு எடம் குடுக்குறது இந்தப் பக்கத்துல அது ஒண்ணுதேன்.”

“அவன் மூஞ்சில முழிக்கணுமே.”

“முழிக்கத்தேன் வேணும்.”

ஒச்சாயி சீருடையை எடுத்து உதறிப் பார்த்தாள். சோளப்பால் கறை போகவே இல்லை. நீலத்தைக் கொஞ்சம் கூடப் போட்டு அலசிக் கொடுத்தாள்.

ஆடி மாதம் முதல் தேதி பேயாண்டியே மகளைக் கூட்டிக்கொண்டு போனான். மாதிரி வகுப்பில் இருந்தவர்களில் பத்தொன்பது பேர் திரும்ப வந்திருந்தார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் தங்கப்பொண்ணுக்கு முதல் எண் கிடைத்தது. வெள்ளைத்துரை பேயாண்டிக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார். அவன் குடித்தான்.

உத்தரவின் நகல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. தங்கப்பொண்ணு நின்று முழுதும் படித்தாள். மூன்றாம் பத்தியில், நிலையத்தின் சொந்த மைதானத்தைக் குழுவின் தலைவர் நேரில் சுற்றி நடந்து முழுமையாக ஆய்வு செய்தார் என்று இருந்தது.

அவர் அந்தக் காட்டில் மொத்தம் எழுபது காலடி வைத்தார். ஒண்ணுக்கிருக்கப் போக முப்பத்தைந்து, திரும்பி வர முப்பத்தைந்து.